கடலில் தூண்கள் இல்லை

சவாயி தீவு
செவ்வாய், பிற்பகல்

அன்பு மகள் பெனினாவுக்கு,

இங்கே நாங்கள் சுகம், புயலுக்குத் தப்பிய சீமைப்பலா மரமும் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்பதே என் காலை மாலைப் பிரார்த்தனை. உன் கடிதம் வந்ததிலிருந்து மனம் ஆக்லாந்திலேயே கிடக்கிறது. நம் தீவுப் பிள்ளைகள் உன் வகுப்பில் வாயே திறப்பதில்லை, மனதில் பட்டதைப் பேசுங்கள் என்றால் இன்னும் குனிந்துகொள்கிறார்கள், இந்த வாத்தியார் வேலையே வேண்டாம் போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். சின்ன வயதிலேயே உன்னைப் பெற்றவள் நான், உனக்கும் எனக்கும் வயதில் பெரிய தூரமில்லை, அதனாலோ என்னவோ எனக்குப் புத்திமதி எழுத வருவதில்லை. இங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

புயலில் பள்ளிக்கூடக் கூரை போய்விட்டதால் என் வகுப்பு இப்போது ஊர்ச்சபை வீட்டில் நடக்கிறது. சுவரில்லாத வீடு, சுற்றிலும் தூண்கள், தூணுக்கும் தூணுக்கும் நடுவே கடல், பாதிப் பாடத்தில் என் கண் அங்கே மிதக்கப் போய்விடும். போன வாரம் பிள்ளைகளிடம், அடுத்து எதைப் படிக்கலாம் என்று நீங்களே பேசி முடிவெடுங்கள், பிடித்த இடத்தில் உட்காருங்கள், நான் குறுக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். என்ன செய்தார்கள் தெரியுமா, சபை கூடும்போது அவரவர் அப்பா தம் தலைவர் பட்டத்துக்கு ஏற்ப முதுகு சாய்க்கும் தூணாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தார்கள். பட்டமில்லாத வீட்டுப் பிள்ளைகள் தாமாகவே பின்னால் ஒதுங்கினார்கள். சபையில் ஊருக்காகப் பேசும் பேச்சாளரின் மகன் செஃபோ அப்பாவைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். படியோரம் நின்ற ஃபுவாடினோவைப் பார்த்து, "உனக்கென்ன இங்க வேலை, போய்த் தண்ணி கொண்டா" என்றான். அவளும் போனாள். சுதந்திரம் என்று நான் கொடுத்ததை வைத்து அவர்கள் இன்னொரு சபையைக் கட்டிவிட்டார்கள்.

ஃபுவாடினோ தாய் தகப்பன் இல்லாத பெண், சித்தி மசினாவோடு இருக்கிறாள், வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. அதற்கு முந்தைய ஞாயிறு கோயில் வாசலில் மசினா என்னைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், எங்க வீட்டுப் பன்னிகூடப் பசிச்சாக் கத்தும். வாயத் தொறக்காத இவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? வெள்ளிக்கிழமையோட நிறுத்திடறேன், சேம்புத் தோட்டத்துக்காவது ஆகட்டும்" என்றாள். அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. இன்றைக்கு எங்கே உட்கார்ந்து பேசலாம் என்று கேட்டேன், எல்லோரும் அவரவர் தூணைப் பார்த்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு என் பக்கத்தில் வந்து குனிந்த ஃபுவாடினோ, மூச்சு விடுவது போல, "கடல் வத்திருச்சு டீச்சர். அங்க யாருக்கும் தூண் இல்ல" என்றாள்.

போனோம். முழங்கால் ஆழம், வெயிலில் காய்ந்த வெதுவெதுப்பான நீர், மேகங்களின் மேலேயே நடப்பது போலிருந்தது. அலை ஒவ்வொரு முறையும் எங்களைக் கலைத்து வேறு ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்தியது. செஃபோ தவித்துப்போனான். "டீச்சர், நான் எங்க நிக்கணும்?" என்று கேட்க, "மீன்கிட்டக் கேளு, அதான் இங்க தலைவரு" என்று யாரோ சொல்ல, சிரிப்பு கரைவரை போனது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஃபுவாடினோ சத்தமாகக் கேட்டாள், "கடல் சுடுது, இந்த எடத்துல மட்டும் கால் ஏன் குளிருது?" எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். மணலுக்குள்ளிருந்து நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இது எங்கிருந்து வருகிறது, மலையிலிருந்தா, மழையிலிருந்தா, எவ்வளவு நாள் நடந்து வருகிறது என்று ஆளுக்கொரு பேச்சு, இதைத்தான் படிக்கப்போகிறோம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். அவளைக் கூட்டிப்போக வந்த மசினா கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்து, "எங்கடி, எங்க குளிருது?" என்றாள். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் சித்தி, அவசரப்படாதீங்க" என்று அந்தப் பெண் கையைப் பிடித்து நிறுத்தினாள். மசினா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். நேற்றுத் திங்கள்கிழமை ஃபுவாடினோ வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். மத்தியானம் செஃபோ தானாகப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான், பாதியைச் சிந்திவிட்டான்.

பெனினா, உன் வகுப்பறையிலும் தூண்கள் இருக்கும், உன் கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களையே கேள். ஊமையாக இருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதே. வேலையை விடுவதானால் கேட்ட பிறகு விடு.

ஆண்டவர் உன் நாவிலும் செவியிலும் துணையிருக்கட்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்.

கால் இன்னும் குளிர்ந்திருக்கும்
உன் அம்மா,
லனுவோலா