அல்சூர் ஏரியைக் கோயில் என்று வாசித்தேன்

எம். புதுப்பட்டி
8-12-63

அன்பு மகன் பெத்தணனுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், பெங்களூர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்க நம் கருப்பசாமி துணை நிற்பார். ஐப்பசியில் நாலு மழை நன்றாகப் பெய்து கண்மாய் பாதிக்கு மேல் பெருகிவிட்டது, மிளகாய் நட்டாயிற்று, சிவப்பு மாடு சினையாக இருக்கிறது. தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் ஓய்ந்துவிட்டன, சிவகாசியில் இப்போது எங்கே பார்த்தாலும் காலண்டர் ஆர்டர்தான். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. பொங்கல் லீவில் உன் கூட வேலை பார்க்கும் தனுஷ்கோடியோடு காவிரிக்குப் போய்ப் படகு விடலாமா, அம்மா மனம் ஒப்பினால் போகிறேன், இல்லையென்றால் துடுப்பையே தொடமாட்டேன் என்று எழுதியிருந்தாய். பதில் சொல்லுமுன் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ படகு விடுவது அம்மாவுக்குத் தெரியும், அவளுக்குச் சந்தோஷம் என்று ஆறு மாதமாக நான் உனக்கு எழுதியதெல்லாம் பொய்.

மரச்சட்டத்தில் கித்தான் துணியை இழுத்துக் கட்டிய ஒற்றை ஆள் படகு, அதை அல்சூர் ஏரியில் விட்டேன் என்று நீ எழுதிய முதல் கடிதத்தை நான் வாசித்தபோது அம்மா எதிரே உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உன் அண்ணன் கருப்பணனைக் கண்மாய் கொண்டுபோன நாளிலிருந்து, பதினான்கு வருஷமாக, உன்னைக் கிணற்றுப் படியில்கூட இறங்க விடாதவள் அவள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏரி என்ற சொல் என் வாயில் வரவில்லை, அல்சூர் கோயிலுக்குப் போனேன் என்று வாசித்துவிட்டேன். ஒரு தடவை சொன்ன பொய்யை விட முடியுமா? காற்றடித்தால் அலை புரளும் என்று நீ எழுதிய ஹெசரகட்டா ஏரி பெருமாள் கோயிலாயிற்று. பாறைக்குப் பாறை படகைத் தூக்கி வைத்தோம் என்ற அர்க்காவதி ஆறு முருகன் கோயிலாயிற்று, படி அதிகம் என்று நானே சேர்த்துக்கொண்டேன். என் மகனுக்கு எம்புட்டு பக்தி என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். மூன்றாவது மாதம் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. வாரம் தவறாமக் கோயில் கோயிலா அலையுறானே, சாமியாராப் போயிருவானோ, சீக்கிரம் ஒரு பொண்ணப் பாருங்க என்று நச்சரித்து ஆலங்குளத்துக்கு இரண்டு தடவை என்னை நடக்க வைத்தாள். அந்த அலைச்சல் எனக்கு வேண்டியதுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், உன் கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டு போய் மிளகாய்த் தோட்டத்தில் உட்கார்ந்து மறுபடி மறுபடி படித்திருக்கிறேன். நம் அர்ஜுனா நதியில் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் முக்கால்வாசி நாள் மணலைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும், அங்கே ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு குணம் என்று நீ எழுதுவதைப் படிக்கப் படிக்க எனக்கே ஆசையாக இருந்தது. அதனால்தான் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் பருத்தி கொண்டு விருதுநகர் போயிருந்தேன். கடிதத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு நான் வரும்வரை பொறுக்கவில்லை, தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறாளே பக்கத்து வீட்டு முருகம்மாள், அவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் எழுத்து விடாமல் வாசித்துவிட்டாள், எனக்கு நீச்சல் தெரியாதது ஒன்றுதான் குறை, தனுஷ்கோடி பக்கத்திலேயே வருவான் என்று நீ எழுதியிருந்ததையும் சேர்த்து. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, இம்புட்டு நாளும் ஏரியவா கோயில்னு வாசிச்சீக என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலை. சோற்றை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். இனிமேல் தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று உனக்கு எழுதிவிட வேண்டியதுதான் என்று நானும் முடிவு செய்துவிட்டேன். காலையில் பார்த்தால் கம்பு கொட்டி வைக்கும் குலுக்கைக்குள் இடுப்பளவு குனிந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். வெளியே எடுத்தது கருப்பணனின் சுரைக்குடுக்கை, நம் பிள்ளைகள் இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகுமே, அது. அடுப்பில் போட்டிருப்பாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். முந்தானையால் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாந்தான் தப்புப் பண்ணிட்டேன், தண்ணிப் பக்கமே விடாம வளத்தேன், இப்ப நீச்சத் தெரியாம தண்ணி நடுவுல உக்காந்திருக்கான், போக வேண்டாம்னு எழுதாதீக, பழகிட்டுப் போகச் சொல்லுங்க என்றாள்.

ஆகவே இந்தப் பொங்கலுக்குக் காவிரி வேண்டாம், அடுத்த பொங்கலுக்குக் காவிரி எங்கேயும் ஓடிப்போகாது. தனுஷ்கோடி கடற்கரைப் பிள்ளை, அவனை வைத்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் பழகு, குடுக்கை இல்லாமல் அக்கரை போய்த் திரும்பும் நாள் வந்தால் பிறகு எந்த ஆற்றுக்கும் எங்களிடம் உத்தரவு கேட்க வேண்டாம். அதுவரை படகில் ஏறினாலும் இடுப்பில் குடுக்கை இருக்க வேண்டும், காற்று நாளில் ஹெசரகட்டா போகாதே, செந்தண்ணீர் வரும்போது அர்க்காவதியில் இறங்காதே. காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு வரும் லாரி டிரைவர் லட்சுமிகாந்தம் குடுக்கையை வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்து தருவார், சீடைப் பாத்திரமும் இருக்கும், அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடு. இருபத்தொரு வயசு ஆளுக்குக் குடுக்கையா என்று அங்கே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதினொரு வயசில் இன்னும் குடுக்கையா என்று கூட்டாளிகள் சிரித்ததற்குத்தான் உன் அண்ணன் அன்றைக்கு அதை ஆணியில் மாட்டிவிட்டுக் கண்மாய்க்குப் போனான். அதற்கு அடுத்த சித்திரையில் அதை உனக்குக் கட்டியிருக்க வேண்டும், இப்போதுதான் வருகிறது.

நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு. இனி உன் கடிதத்தை முருகம்மாள்தான் வாசிப்பாளாம், என் வாசிப்பில் அம்மாவுக்கு நம்பிக்கை போய்விட்டது, அதனால் உள்ளதை உள்ளபடி எழுது. பெண் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை, அதையும் தெரிந்துகொள். குடுக்கையில் இருந்த பழைய கயிறு இற்றுப்போயிருந்தது. இப்போது இருக்கிற கயிறு அம்மா உன் இடுப்புக்கு அளவு நினைத்துத் திரித்தது, மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள்.

இப்படிக்கு உன் அப்பா,
சோலைமலை