ஒடித்த வெண்டைக்காய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நடந்ததை நடந்தபடியே, எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பயப்படாமல் படி.

பள்ளி விடுதித் தோழிகளுக்குச் சமைத்துப்போட ஆசியக் காய்கறிக் கடைக்குப் போனேன். அலங்காரமே கிடையாது, காயை அட்டைப்பெட்டியோடு தரையில் வைத்திருக்கிறார்கள். வெண்டைக்காயைக் கண்டதும் உன்னைப் போலவே முனையை ஒடித்து ஒடித்துப் பார்த்தேன். கடைக்காரம்மா ஓடிவந்து, புரியாத மொழியில் பொரிந்து தள்ளினார். நம் காய்கள் கிடைப்பது இங்கே மட்டும்தான். இனி உள்ளேயே விடமாட்டாரோ என்று நடுங்கிப்போனேன்.

பின்னால் நர்ஸ் உடுப்பில் நின்ற தமிழ் அக்கா ஒருவர் சிரித்தார். "நம்ம பொண்ணா? நானும் மொத நாள் இப்படித்தான் மாட்டுனேன். ஒடிச்சதெல்லாம் நீயே வாங்கிக்கணுமாம்."

"ஒடியாம வளைஞ்ச முத்தலையுமா அக்கா?"

அதையும் அவர் மொழிபெயர்க்க, கடைக்காரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முற்றலைத் தானே பொறுக்கி ஒதுக்கினார். "அடுத்த வாரமும் வரலாமாம். கையை மட்டும் கட்டிக்கிட்டு வரணுமாம்" என்றார் அக்கா.

இப்போது பை நிறைய வெண்டைக்காய். வழவழப்புப் போக என்ன செய்வாய்? போனில் சொல்லாதே, உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு.

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள். இந்த வரி கோணியிருந்தால் இருட்டுதான் காரணம், அம்மா.

உன் மகள்