இறங்காத பின்

புரட்டாசி, செவ்வாய் இரவு.

சாயங்காலம் கம்பெனியில் டிராக்டரோடு ட்ரெய்லரை மாட்டும்போது என் வேட்டி கொக்கியில் சிக்கிப் பாதியாகக் கிழிந்துவிட்டது. வேன் வராததால் வீடு திரும்ப ட்ரெய்லரில் ஏறியிருந்த வேலைக்காரப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகச் சிரிப்பு என் மகள் செல்விக்குத்தான்.

பட்டாசுக் கம்பெனிக்குள் இரும்பை இரும்பால் தட்டக் கூடாது. பொறி பறந்தால் போச்சு. அதனால் இணைப்புப் பின்னைக் கையால் அழுத்திவிட்டு, கேட்டைத் தாண்டி நிறுத்தி, சுத்தியலால் அடித்து இறக்கி, மேலே எழும்பாமல் கிளிப் மாட்டுவேன். இன்று வெட்கத்தில் நிறுத்தாமலே ஓட்டிவிட்டேன். பெரிய மன்மதன்!

நாரணாபுரம் பாலத்து இறக்கத்தில் செல்வி கத்தினாள்: "எப்பா, நிப்பாட்டுங்க! பின்னு மேல வருது!"

இறங்கிப் பார்த்தேன். பின் விரல் நுனியளவுதான் உள்ளே இருந்தது. அடித்து இறக்கப் போய், சுத்தியலைக் காலில் போட்டுக்கொண்டேன்.

"வேட்டியத்தான் விட்டீகன்னு பாத்தா, எங்களையும் விட்டுட்டுல்ல போகப் பாத்தீக!" என்றாள். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ராத்திரி சாப்பிட முடியவில்லை. "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள் வீட்டுக்காரி. "வேட்டி போன துக்கம்" என்றேன்.

செல்வி உட்கார்ந்திருந்தது ட்ரெய்லரின் முன்விளிம்பில், கொக்கிக்கு நேர் மேலே, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. பின் கழன்றிருந்தால் ட்ரெய்லரின் முன்பக்கம் தரையில் குத்தியிருக்கும். முதலில் அடியில் போயிருப்பது அவள்தான். அவள் அம்மாவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.