ஜோசஃபினுக்கு விழுந்த ஒன்பது ஓட்டு

அன்பு ஃபிலோ அக்கா,

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. பள்ளியில் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். எல்லாரும் எழுதித் தந்துவிட்டார்கள், நான்தான் பாக்கி. மற்றவர்கள் எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொருத்தரும் உன்னைத் தூக்கி உச்சியில் வைத்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு யாரிடம் போய்ச் சொல்வது? உன்னிடமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அச்சில் வந்தால் நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும்.

உன் வகுப்புகளை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருடமாக ஒன்பதுக்கும் பத்துக்கும் நான் வரலாறு, நீ குடிமையியல் என்று ஆளுக்குப் பாதியாக வைத்திருந்தோம். இப்போது இரண்டும் என் தலையில். பிள்ளைகள் டைம் டேபிளில் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். வாயில் மட்டும் அது இன்னும் 'ஃபிலோ மிஸ் பீரியட்'தான்.

மாநில அரசு பாடம் நடத்தினேன். எல்லாம் தமிழ்நாட்டைப் பற்றியே இருக்கிறதே, நம் ஊர் எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டது. புதுச்சேரி ஏன் மாநிலம் இல்லை, துணைநிலை ஆளுநர் என்றால் யார், முதலமைச்சர் எதை அவரிடம் கேட்க வேண்டும் என்று பலகையில் எழுதி விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன் அக்கா. முடித்துவிட்டுத் திரும்பும்போது முதல் பெஞ்சில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள், "ஃபிலோ மிஸ்ஸா இருந்தா இத கதையா சொல்லியிருப்பாங்க." கையில் இருந்த சாக்பீஸை உடைத்துவிட்டேன்.

கதைக்கு உனக்கென்ன பஞ்சம்? உன் அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். உன் அண்ணன்மார் எல்லாம் பாரிசில். உன் கையிலும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டு. இந்தியாவில் யார் யார் ஓட்டுப் போடலாம் என்று பாடம் எடுக்கிறவளுக்கே இந்த ஊரில் ஓட்டு இல்லை. அதை நீ மறைக்கவும் மாட்டாய். வகுப்பு தொடங்கும்போதே சொல்லிவிடுவாய், "நான் பொறந்த ஊரு, வளந்த ஊரு, தண்ணி வரலன்னா சண்ட போடற ஊரு. ஆனா இங்க எனக்கு ஓட்டு இல்ல. உங்களுக்கு இருக்கு. ஒழுங்கா கவனிங்க."

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். நான் ஒவ்வொரு தேர்தலுக்கும் காலையிலேயே வரிசையில் நின்று, விரலில் மையோடு வந்து அதே ஓட்டைப் பற்றிப் பேசுவேன். கொட்டாவி விடுவார்கள். இது நியாயமா சொல்.

கல்லறைத் திருநாளுக்கு உன்னைப் பார்க்க வந்தேன். சாமந்தி வாங்கிக்கொண்டு வந்தேன். வைக்க இடமில்லை. பழைய மாணவிகள் வைத்த பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லே தெரியவில்லை. தவளக்குப்பத்திலிருந்து கைக்குழந்தையோடு ஒருத்தி வந்திருந்தாள். அவளுக்கு இரண்டு வருடம் வரலாறு எடுத்தது நான். என்னைப் பார்த்து, "நீங்க ஃபிலோ மிஸ்ஸோட ஃப்ரெண்டுதான?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் பெயர் அவளுக்கு நினைவில்லை. சாமந்தியை ஓரமாக வைத்துவிட்டு வந்தேன்.

இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் சிஸ்டர் தெரேஸ் என்னைக் கூப்பிட்டார். தலைமையாசிரியை அறையில் அவர் கூப்பிட்டு உட்காரச் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இந்த வருடம் மாணவர் தலைவி தேர்தல் வேண்டாம் என்றார். நல்ல மார்க் வாங்குகிற ஒரு பெண்ணைத் தானே நியமித்துவிடுகிறாராம். பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை இருக்கிறது, தோற்ற பிள்ளையின் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள் என்று காரணங்கள் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். உண்மையைச் சொன்னால், ஒழியட்டும் என்றுகூட நினைத்தேன். அது நீ ஆரம்பித்தது. வாக்குப்பெட்டி, மறைப்புத் திரை, விரலில் மை, எல்லாம் உன் ஏற்பாடு. உன்னுடையது ஒன்று குறைந்தால் எனக்கென்ன?

அப்போது சிஸ்டர் சும்மா இருந்திருக்கலாம். "அது ஃபிலோவோட போச்சும்மா. அவள மாதிரி யாரால நடத்த முடியும்?" என்றார்.

"நான் நடத்தறேன் சிஸ்டர்" என்றேன்.

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பெற்றோர் வந்தால் நான் பதில் சொல்கிறேன், பாடம் கெடாமல் சனிக்கிழமைகளில் முடித்துக்கொடுக்கிறேன் என்று அடுக்கினேன். கடைசியில் சரி என்றார். ஜனநாயகத்தைக் காப்பாற்றினேன் என்று யாராவது இந்த மலரில் எழுதினால் நம்பாதே. பொறாமையில்தான் செய்தேன்.

நம் இருவருக்கும் இந்தத் தேர்தலில் ஒரு பழைய சண்டை உண்டு. எல்லாவற்றையும் நிஜத் தேர்தல் மாதிரியே நடத்துவாய். ஓட்டு எண்ணும்போது மட்டும் ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்திவிடுவாய். ஜெயித்தவள் பெயரை மட்டும் பிரேயரில் சொல்வாய். யாருக்கு எத்தனை என்று சொல்லவே மாட்டாய். எண்ணுவதை எல்லாரும் பார்க்காவிட்டால் அது என்ன தேர்தல் என்று நான் வருடா வருடம் கேட்பேன். "பசங்க மனசு தாங்காது சுமதி" என்று சிரித்து முடித்துவிடுவாய்.

இந்த வருடம் கதவைத் திறந்துவிட்டேன். மூன்று பேர் நின்றார்கள். கருவடிக்குப்பத்துக் கவியா, டாக்டர் வீட்டுப் பெண் ஹரிணி, மூலக்குளத்திலிருந்து வருகிற ஜோசஃபின். ஜோசஃபினின் அப்பா மில்லில் இருந்தவர், மில்லை மூடிய பிறகு ஆட்டோ ஓட்டுகிறார். அவள் சுமாராகப் படிப்பாள், நிறையப் பேசுவாள். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட வைப்பேன் என்று ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்தாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதை முகத்தில் காட்டவில்லை.

ஓட்டுப் பதிவு முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் ஹாலில் உட்காரவைத்து, அவர்கள் கண்ணெதிரே பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துக் காட்டிப் பலகையில் கோடு போட்டேன். ஹால் முழுக்க மூச்சுவிடாமல் பார்த்தது. என் வகுப்பில் அப்படி ஒரு கவனத்தை நான் பார்த்ததே இல்லை. அக்கா, அந்தக் கால் மணி நேரம் நான் உன்னை ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கவியாவின் கோடுகள் இரண்டாவது வரிசைக்குப் போயின. ஹரிணி பின்னாலேயே வந்தாள். ஜோசஃபினுக்கு நேராக ஒன்பது கோடுதான் விழுந்தது. அவள் வகுப்பிலேயே நாற்பது பேர் இருக்கிறார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு அவளுடைய வகுப்பே சிரித்தது. ஜோசஃபின் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர் தெரேஸ் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். "காய்ச்சல்னு படுத்துகினு கீறா மிஸ். தொட்டுப் பாத்தா உடம்பு சூடே இல்ல" என்றார் அவள் அம்மா. போனை வைத்துவிட்டு உன்மேல்தான் கோபப்பட்டேன். உனக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. கதவைச் சாத்தியது பயத்தினால் இல்லை, இரக்கத்தினால். செத்த பிறகும் நீ சொன்னதே சரியாக இருக்க வேண்டுமா? ஒரு விஷயத்திலாவது எனக்கு விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா?

புதன்கிழமை ஜோசஃபின் வந்தாள். முதல் பீரியடுக்கு முன்னாலேயே ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். அழுவாள் என்று நினைத்து நான் எழுந்துபோனேன்.

"மிஸ், அந்த ஒம்போது பேரு யாருன்னு சொல்லுவீங்களா?"

"எனக்கே தெரியாதும்மா. தெரியவும் கூடாது. ரகசிய ஓட்டு."

"தேங்க்ஸ் சொல்லணும் மிஸ். என் க்ளாஸ்ல எல்லாரும் நான் போடல, நான் போடலன்றாங்க. அப்ப யாரு போட்டது?"

"யாரா வேணாலும் இருக்கலாம்."

"அப்ப எல்லாருக்கும் சொல்லிட்டா கரெக்டா போயிடும்ல?"

நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள். நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் மேசை மேசையாகப் போய், "எனக்கு ஓட்டு போட்டிருந்தா ரொம்ப தேங்க்ஸ். போடலன்னாலும் பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆறாம் வகுப்புச் சின்னதுகள், "நான்தான் போட்டேன் அக்கா" என்று கையைத் தூக்கின. ஏழிலும் தூக்கினார்கள். சிரித்தவர்கள் இருக்கிற பத்தாம் வகுப்புக்கு அவள் வந்தபோது முதலில் யாரும் நிமிரவில்லை. பிறகு ஒருத்தி, "நானும் போட்டேன்டி" என்றாள். அவள் போட்டிருக்க மாட்டாள். போட்டிருக்கவும் கூடும். ஒன்பது ஓட்டு மணி அடிப்பதற்குள் நூறைத் தாண்டிவிட்டது.

அந்த வாரக் கடைசியில், தேர்தலில் ஜெயித்த கவியா ஜோசஃபினை அழைத்துக்கொண்டு சிஸ்டரிடம் போய் நின்றாள். தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது.

ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஃபிலோ இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. இதிலும் நீதானா?

"ஃபிலோ அக்கா இருந்திருந்தா இது நடந்தே இருக்காது. கதவ சாத்தியிருப்பாங்க" என்றேன்.

நீ போன பிறகு உன்னைப் பற்றி யாரும் ஒரு குறைகூடச் சொன்னதில்லை. நான்தான் முதலில் சொன்னேன். சொல்லிவிட்டு ஜன்னலோரத்து உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். நீ ஏதாவது திருப்பிச் சொல்வாய் என்று ஒரு கணம் நிஜமாகவே காத்திருந்தேன். நீ விடமாட்டாயே. 'அந்தப் புள்ள திரும்பி வரலன்னா இன்னா பண்ணியிருப்ப?' என்று கேட்பாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா, இன்றைக்கும் இல்லை. ஆனால் கேட்க நீ இருந்திருக்க வேண்டும். நாற்காலியில் யாருடைய டிபன் பையோ இருந்தது.

எல்லாரும் உன்னைப் புகழ்கிறார்கள். உன்னோடு சண்டை போட இந்தப் பள்ளியில் என்னை விட்டால் ஆள் இல்லை. அதையாவது எனக்கு மட்டும் விட்டுவை.

அடுத்த வருடமும் தேர்தல் நடக்கும். சிஸ்டரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். ஓட்டு எல்லார் கண்ணெதிரேயும்தான் எண்ணப்படும், அதில் மாற்றம் இல்லை. ஆனால் எண்ணும்போது தோற்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நான் நிற்பேன். கோடு போடுவதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. உனக்காக இவ்வளவுதான் இறங்கிவர முடியும்.

உன்னைப் பார்த்து இன்னும் வயிறெரிகிற,
உன் கூடப் பிறக்காத தங்கச்சி
சுமதி