மெசேஜுக்காக நின்ற லாரிகள்

மார்ச் 10, திங்கள்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். நான் எழுதிய கேட் சாஃப்ட்வேர் இன்று மூன்று மணி நேரம் நின்றுபோனது. சாலையில் எழுபது லாரி! கோளாறு எங்களிடம் இல்லை. ‘உங்கள் வண்டி உள்ளே போனது’ என்று லாரி ஓனருக்கு மெசேஜ் அனுப்பும் வெளி சர்வீஸ் பதில் தரவில்லை. என் புரோகிராம் அந்தப் பதிலுக்காகக் காத்து நின்றது, கேட்டும் திறக்கவில்லை.

டிரைவர் வல்லரசு அண்ணன் சொன்னார்: “வியாசர்பாடில இன்னிக்கி பொண்ணுக்கு பாக்சிங் ஃபைனல்மா. வண்டில குந்திகினு போன்ல கேட்டுக்கினேன். ஜெயிச்சிட்டா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மெசேஜ் போவலன்னா லாரி இன்னாத்துக்கு நிக்கணும்? இத எழுதினவ நான்தானே!

மார்ச் 11

மேனேஜர் டில்லிபாபு சாரிடம் பேசினேன். எடை மேடையின் பதிலுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். அதிக பாரம் ஏற்றிய வண்டியை உள்ளே விட முடியாது. மெசேஜ் அப்படியா? அதை ஒரு வரிசையில் போட்டுவிட்டு கேட்டைத் திறக்கலாம். அந்த சர்வீஸ் எழுந்திருக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பட்டும்.

“போச்சா இல்லியான்னு தெரியாம எப்டிமா தொறக்கறது?”

“வரிசையில பத்திரமா இருக்கும் சார்.”

“இல்லன்னா?”

நியாயமான கேள்வி.

மார்ச் 13

வரிசையை டிஸ்க்கிலேயே எழுதி வைத்தேன். சார் எதிரிலேயே கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி ஆன் செய்தேன். ஒரு மெசேஜ்கூடத் தொலையவில்லை.

“சரி, ஒரே ஒரு கேட்ல மட்டும்” என்றார். போதும்!

மார்ச் 17, திங்கள்

மானம் போச்சு.

லாரி ஓனர் தாவூது பாய் ஆபீசுக்கே போன் செய்தார். “எனக்கு கீறதே ஒரு வண்டி. பத்தொம்பது தபா உள்ள போச்சுன்னு மெசேஜ் வருது. வெளிய எப்பமா வந்துச்சு?”

மெசேஜ் முதல் தடவையே போயிருக்கிறது. ‘போய்விட்டது’ என்ற பதில்தான் திரும்பி வரவில்லை. போகவில்லை என்று நினைத்து என் புரோகிராம் அதையே திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. சார் திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

மார்ச் 18

இனி ஒவ்வொரு மெசேஜுக்கும் ஓர் எண். அதே எண் மறுபடி வந்தால் சர்வீஸ் தள்ளிவிட வேண்டும். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

மார்ச் 21

இரண்டு கேட்டிலும் போட்டாயிற்று.

மார்ச் 26, புதன்

பதினோரு மணிக்கு மெசேஜ் சர்வீஸ் மறுபடி படுத்துவிட்டது. என் திரையில் வரிசை ஏறிக்கொண்டே போனது — ஐம்பது, நூறு, நூற்றிருபது. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டரைக்கு சர்வீஸ் எழுந்தது. பத்து நிமிடத்தில் வரிசை காலி. எவருக்கும் இரண்டு தடவை போகவில்லை.

மூன்று மணிக்கு டில்லிபாபு சார் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“இன்னாமா, ரோட்ல ஒரு வண்டிகூட நிக்கல. லாரிக்காரங்கோ ஸ்ட்ரைக்கா?”