டிக்கெட் எடுக்காத பொறிவண்டுகள்

மச்சான்,

துவைக்கப் போடலாம் என்று சட்டையை எடுத்தேன். பையில் தீப்பெட்டி. திறந்தால் வாடிப்போன எருக்கம் இலை ஒன்று, அதன் பச்சை வாசம் இன்னும் போகவில்லை. பீடியை விட்டுப் பல வருஷமான மனுஷனுக்குத் தீப்பெட்டி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

நான் டிரைவர், நீ கண்டக்டர். அடிவாரத்திலிருந்து வளப்பூர் நாடு வரைக்கும் ஒரே பஸ்ஸில் எத்தனை வருஷம் ஏறி இறங்கினோம். மலை ஏறுவதற்கு முன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வண்டியை நிறுத்துவேன். நீ ரோட்டோர எருக்கஞ்செடிக்குப் போய்விடுவாய். அதன் நுனியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பேன் மஞ்சளாய் அப்பியிருக்கும். அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள் சிவப்பு முதுகும் கறுப்புப் புள்ளியுமாய் உட்கார்ந்திருக்கும். அவற்றைப் பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டு, பேன் பிடித்த உன் அவரைப் பந்தலுக்குக் கொண்டுபோவாய். ஒருநாள் பாதி மலையில் பெட்டி திறந்துகொண்டது. பஸ் முழுக்க வண்டு. ஒரு அம்மா முந்தானையை உதறிக்கொண்டே, "ஏனுங்க கண்டக்டரு, இதுகளுக்கெல்லாம் டிக்கெட் போட்டீங்களா?" என்றார். நீ முகத்தில் சிரிப்பே காட்டாமல், "எல்லாம் அரை டிக்கெட்டுங்க. பாத்து உக்காருங்க" என்றாய்.

அந்த மார்கழி நினைவிருக்கிறதா? மகள் பிரசவத்துக்காக நீயும் உன் வீட்டுத் தங்கச்சியும் சேலம் போயிருந்தீர்கள். "பந்தலுக்குத் தண்ணி மட்டும் ஊத்து மாப்ளே, வேற ஒண்ணும் பண்ணாத" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாய். எனக்குக் கை சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் பார்த்தால் இலையெல்லாம் கறுப்புப் புழு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளி, குட்டி முதலை போல ஊர்ந்துகொண்டிருந்தது. சோப்புத் தண்ணீர் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் பொறுக்கிப் போட்டேன். நீ வந்ததும் வாளியைக் காட்டிப் பெருமையாகச் சொன்னேன். நீ பந்தலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

"அது வண்டோட குஞ்சு மாப்ளே. பெரிய வண்டைக் காட்டியும் இதுகதான் பேனை வாரித் தின்னும்."

எட்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. நிறுத்த ஒரு விசில், கிளம்ப இரண்டு விசில். ஒரு "போலாம் ரைட்" கூடக் கிடையாது. எத்தனை வளைவு திரும்பினாலும் பின்னாலிருந்து விசில் மட்டும்தான். அந்தச் சத்தத்தை அப்போது எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா. எட்டாம் நாள் உன் பந்தலைப் பார்க்க வந்தபோது, எறும்பு சாரைசாரையாக ஏறுவதைக் கவனித்தேன். பேன் விடும் இனிப்புத் தண்ணீருக்காக அது வண்டுகளை அண்டவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தது. பந்தல் கால்களிலும், கொடியின் அடித்தண்டிலும் துணியைச் சுற்றி வண்டி கிரீஸைத் தடவிவிட்டேன். எறும்பு நின்றது. "உன்ற கிரீஸு இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்குது" என்றாய். அதோடு சண்டை தீர்ந்தது. ஆனால் மன்னித்துவிடு என்று நான் சொல்லவே இல்லை. எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஆடியிலும் அவரை ஊன்றினாய். புரட்டாசியில், அந்தப் பந்தலுக்குக் கால் நட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

மார்கழி பிறந்ததும் தங்கச்சி போன் பண்ணியது. "அண்ணா, கொடி பூராம் பேனுங்க. அவரு ஊனுனது கண்ணு முன்னால சாகறதப் பாக்க முடியலீங்க. வெட்டிப்போட்டுறலாம்னு இருக்கறேன்." போய்ப் பார்த்தேன். கொழுந்தெல்லாம் சுருண்டு கறுத்துக் கிடந்தது. தங்கச்சி கையில் அரிவாளே இருந்தது. பொங்கல் குழம்புக்கு உன் பந்தல் அவரைக்காய் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வருஷமும் போனதில்லை.

"பத்து நாள் குடு தங்கச்சி" என்றேன்.

மோசமான நுனிகளைக் கிள்ளிப் போட்டேன். தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினேன். காலுக்குக் காலு கிரீஸ். மறுநாள் அடிவாரத்துக்குப் போய் எருக்கஞ்செடியைத் தேடி, பெட்டி நிறைய வண்டு பிடித்துவந்து சாயங்காலம் விட்டேன். காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் பறந்துபோயிருந்தது. எனக்கு உன் மேல் அப்படி ஒரு கோபம். இதையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டு எங்கே போய்த் தொலைந்தாய் என்று பந்தலடியில் நின்று சத்தமாகவே கேட்டேன். பிறகு இன்னொரு பெட்டி பிடிக்கக் கிளம்பினேன். வேறென்ன செய்ய.

நேற்று, ஒன்பதாம் நாள், மறுபடி போன். "அண்ணா, பேனு பத்தாதுன்னு இப்பக் கறுப்பா புழு வேற வந்துருச்சுங்க. நசுக்கிறட்டுங்களா?"

"தொடாத தங்கச்சி. கையைக் கட்டிக்கிட்டு நில்லு, நான் வாரேன்."

நான் விட்ட வண்டுகளின் குஞ்சுகள், அதே முதலைகள்தான் மச்சான். இலைக்கு இலை ஊர்ந்து, பேனை வாயில் கவ்விக்கொண்டிருந்தன. அவை போய்வந்த தண்டெல்லாம் பச்சையாகத் தெரிந்தது. மேலே ஒரு பூங்கொத்து தலை தூக்கியிருந்தது. தங்கச்சி குனிந்து பார்த்து, "இதுக்குத்தான் அவரு உங்களோட எட்டு நாள் பேசாம இருந்தாருங்களா?" என்று கேட்டுச் சிரித்தது. புரட்டாசிக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பை நான் நேற்றுத்தான் பார்த்தேன். பொங்கலுக்கு ஒரு குழம்புக்காவது காய் வந்துவிடும்.

தங்கச்சி தண்ணீர் கொண்டுவர உள்ளே போனது. "மன்னிச்சுக்க மச்சான்" என்று கொடியைப் பார்த்துச் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து, மெதுவாகத்தான் வந்தது. கீழே ரோட்டில் நம் பஸ் நின்றிருந்தது. உள்ளே யாரோ புதுப் பையன் கண்டக்டர். இரண்டு விசில் கொடுத்தான்.

சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டேன். தீப்பெட்டியை நாளைக்குப் போடுகிற சட்டையில் வைத்திருக்கிறேன்.