மூன்றாம் முறை கேட்ட குழம்பு

நங்கையா,

இன்று காலை ராசிபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு புது இட்லிக் கடையைப் பார்த்தேன். உட்கார இடமில்லை, சுவரோரம் நின்றபடி இலையைக் கையில் ஏந்திச் சாப்பிடுகிறார்கள். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர், "ஊரு செழிச்சுப் போச்சுங்க" என்றார். நான் ஒவ்வோர் இலையாகப் பார்த்தேன். இரண்டே இட்லி, அது மூழ்கும்படி குழம்பு.

யுத்தகாலத்தில் நெசவுத் தெருவில் நாம் நடத்திய கடையிலும் இப்படித்தான் தொடங்கியது. நூல் வரத்து நின்று தறிகள் ஓய்ந்த மாதம், நம் கடையில் கூட்டம் தாங்கவில்லை. நான் பூரித்துப்போய், "இன்னொரு அடுப்புப் போடலாமுங்க நங்கையா" என்றேன். அண்ணன் மனைவி என்ற அதிகாரத்தை நீங்கள் என்னிடம் காட்டியதே இல்லை. அன்றும் மெதுவாகத்தான் சொன்னீர்கள்.

"கூட்டத்தப் பாக்காதே அம்மிணி, எலையப் பாரு. ரெண்டு இட்லிக்கு நாலு தடவ கொளம்பு கேக்கறாங்க. அவங்க ஊட்டுல அடுப்பு எரியறதில்ல."

நல்லது நடக்கும்போது மூக்கைச் சிந்துகிறீர்களே என்று எரிந்து விழுந்தேன். எனக்கு அப்போது வாய் நீளம்.

நீங்கள் எருமப்பட்டிக்குத் துக்கம் கேட்கப் போனீர்கள். திரும்ப நான்கு நாளாகும் என்றதும் கடையில் என் ராஜ்ஜியம். குழம்பு இரண்டு முறைதான் என்று சட்டம் போட்டேன். அன்று மாலையே தெருக்கோடித் தறிக்காரர் வந்தார். இரண்டு பெண் குழந்தைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஒரே இலையில் மூவரும் சாப்பிட்டார்கள்.

"இன்னொருக்கா கொளம்பு ஊத்துங்க" என்றார், மூன்றாம் முறை.

"ரெண்டு தடவதானுங்க. எல்லாத்துக்கும் வேணுமில்லீங்களா?"

"ஆகட்டுங்க" என்றார். சின்னவள் விரலால் இலையை வழித்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் கையை எடுத்துவிட்டு, வயிறு நிறைந்தவர் மடிப்பதுபோல இலையைத் தன் பக்கமாக மடித்தார். பிறகு அவர்கள் வரவில்லை.

நீங்கள் திரும்பி வந்ததும் அவர்களைத்தான் முதலில் கேட்டீர்கள். நான் சட்டத்தைச் சொன்னேன். உடனே ஒரு சட்டியில் குழம்பும் பத்து இட்லியும் எடுத்துக்கொண்டு போனீர்கள். கொண்டுபோனது குறையாமல் திரும்பி வந்தீர்கள்.

"கதவு தொறந்தே கெடக்குது. தறிக்குழியில கோழி மேயுது. ஆளுகளக் காணோம் அம்மிணி."

எந்தப் பக்கம் போனார்கள் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

நீங்கள் கண்ணை மூடும்வரை அதைப்பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழம்பு போதாமல்தான் மறுத்தேன் என்று நினைத்திருப்பீர்கள். அன்று குழம்பு தீரவில்லை நங்கையா. அரை அண்டா மிஞ்சியது. எருமைக்குக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றினேன்.